செவியில் தொடங்கும் வாசிப்பு

தொடக்கப் பள்ளியில் குழந்தையின் வாசிப்பை வளர்ப்பது எப்படி, அந்த வாசிப்பு அதற்கு இனிப்பது எப்படி என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நூலகம், புத்தகம், கைபேசி மூன்றையும் தொட்டுவிட்டு, பிள்ளைகள் படிப்பதே இல்லை என்ற ஆதங்கத்தோடு முடிப்பது வழக்கம். நான் ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்கான சான்றுகளையும் அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தமிழ்க் குழந்தையின் வாசிப்பு செவியில் தொடங்குகிறது. எழுத்துத் தமிழைப் போதிய அளவு காதால் கேட்டிராத குழந்தைக்கு, எழுத்துகளை எவ்வளவு செம்மையாகக் கற்பித்தாலும் வாசிப்பு பிடிபடுவது கடினம், பிடிபட்டாலும் இனிக்காது. ஆகவே ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை, ஒவ்வொரு பள்ளி நாளிலும், பெரியவர் ஒருவர் நல்ல புத்தகத்தைக் கையில் எடுத்துக் குழந்தைகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும்.

நம் மொழியின் இயல்பிலிருந்து தொடங்குகிறேன். ஆறு வயதுக் குழந்தை வீட்டில் 'அவங்க வந்தாங்க' என்று பேசுகிறது. புத்தகத்தில் 'அவர்கள் வந்தார்கள்' என்று இருக்கிறது. வீட்டில் 'போனான்'; புத்தகத்தில் 'சென்றான்'. வீட்டில் 'மரத்துலேர்ந்து', புத்தகத்தில் 'மரத்திலிருந்து'. வீட்டில் 'நெறய பழம் இருக்கு'. புத்தகத்தில் 'பழங்கள் நிறைய இருக்கின்றன'. நமக்கு இவை ஒரே மொழியின் இரண்டு உடைகள். குழந்தைக்கோ வினைமுற்றும் வேற்றுமை உருபும் சொல்லும் ஒரே நேரத்தில் மாறிவிடுகின்றன. மொழியியலாளர்கள் இதை இரட்டை வழக்கு என்பார்கள். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் ஆராயப்பட்ட நிலை இது. பேச்சுத் தமிழைத் தாய்மடியில் கற்ற பிள்ளை, எழுத்துத் தமிழைப் பாடப் புத்தகத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது. வீட்டில் செய்தித்தாள் வாசிப்பவரோ கதை வாசித்துக் காட்டுபவரோ இருந்தால் அந்தச் சந்திப்பு பழகிய முகத்தோடு நடக்கிறது. இல்லாவிட்டால், வேற்று மொழியை எழுத்துக்கூட்டுவதற்குச் சற்று அருகில்தான் அந்தக் குழந்தை நிற்கிறது. சென்னையின் தென்புறநகரில் இதை எண்ணிப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பணியை விட்டபின் 1911 முதல் வாழ்ந்த ஊர் பல்லாவரம். ஆயிரக்கணக்கான நூல்களை அவர் சேர்த்துவைத்ததும் அங்கேதான். எழுத்துத் தமிழின் மிக உயர்ந்த வடிவத்தை ஒருவர் வளர்த்த ஊரில், அதே எழுத்துத் தமிழ் காதில் விழாமலே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இன்று ஏராளம். அவர் நூல்களைப் போற்றுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

அடுத்து எழுத்து. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை ஓராண்டில் அடையாளம் கண்டுவிடலாம். அதன் தொல்லை எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. நம் எழுத்து முறையில் ஒலிப்பு பெரும்பாலும் ஒழுங்கானது. ஆனால் வடிவங்கள் அதிகம். இதே குடும்பத்தைச் சேர்ந்த கன்னட எழுத்தைக் குழந்தைகள் எந்த வேகத்தில் கற்கிறார்கள் என்பதை ஆராய்ந்த சோனாலி நாக், 2007இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கற்றல் நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று காட்டினார். அதாவது மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை 'ஙே', 'ஞொ' போன்ற அரிய வடிவங்களில் தடுமாறினால் அது சோம்பலோ மந்தமோ ஆகாது. எழுத்து முறையின் இயல்பு அது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழில் ஒரே 'க'வுக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது: கண், மகன், சங்கு மூன்றையும் சொல்லிப் பாருங்கள். 'பாடம்' என்பதில் வரும் 'பா' வேறு, நடனத்தில் 'பாவம்' என்று முக உணர்ச்சியைச் சொல்லும்போது வரும் 'பா' வேறு. சொல்லை முன்பே காதில் கேட்ட குழந்தை சரியான ஒலியைத் தானாக எட்டிப் பிடிக்கிறது. கேட்டிராத குழந்தை எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகும், தான் சொன்னது எந்தச் சொல் என்று தெரியாமல் ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறது. எழுத்து வடிவங்கள் முழுதாகக் கைவர நான்கு ஆண்டுகள் ஆகும் என்றால், அந்த நான்கு ஆண்டுகளும் கதைகளின் இன்பம் அந்தக் குழந்தைக்கு எந்த வழியாகக் கிடைக்கும்? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வாசிப்பு ஆய்வில் பலராலும் ஏற்கப்பட்ட ஒரு வாய்பாடு உண்டு. காஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் முன்வைத்தது. வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது என்பது அதன் சாரம். கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது. இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். நம் பள்ளிகளும் நம் அளவீடுகளும் முதல் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் 'அசர்' கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஊரகப் பகுதியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக் கூடியவர்கள் 2018இல் 10.2 விழுக்காடு, பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 4.8 விழுக்காடு. 2024இல் அது இரு மடங்குக்கு மேல் ஏறியது. அசர் ஊரகக் கணக்கெடுப்பு. தாம்பரம் மாநகராட்சியைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லாது. எண்களை ஒட்டி எழும் சண்டையிலும் நான் இறங்கவில்லை. பெருந்தொற்றுக்கு முன்பே, பள்ளிகள் ஒழுங்காக நடந்த காலத்திலேயே, பத்தில் ஒரு பிள்ளைதான் அந்தப் படியில் நின்றது என்ற செய்தியே எனக்கு முக்கியம். ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்கள் என்று இலக்கு வைத்தது. 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நம் மொழியில் ஒரு சொல். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நாலைந்து சொற்கள் ஓடிவிடும். 2022இல் நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வில் மொழிக்கு மொழி தனி வேக அளவு வைத்தது நல்ல திருத்தம். ஆனாலும் வேகத்தை அளக்கும் ஆசிரியர், குழந்தைக்கு வேகத்தைக் கற்பிக்கத் தொடங்கிவிடுவார். அது மனித இயல்பு. பொருள் புரியாமல் விரைவாக ஒலித்து முடிக்கும் பிள்ளை தேறியதாகக் கணக்கில் ஏறும், வாசகர் ஆகாது.

வாசித்துக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? இஸ்ரேலின் ஹைஃபா நகரில் தினா ஃபைட்டெல்சன் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு மாத காலம், பள்ளி நாளின் கடைசி 20 நிமிடம், ஒரே நாயகனைக் கொண்ட தொடர்கதைப் புத்தகங்களை ஆசிரியர் வாசித்துக் காட்டினார். வேறு எதுவும் மாறவில்லை. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது, கதை கேட்ட பிள்ளைகள் மொழியைப் பயன்படுத்துவதில் மட்டும் முன்னேறியிருக்கவில்லை. எழுத்தை ஒலிப்பதிலும் படித்துப் புரிந்துகொள்வதிலும் மற்ற வகுப்புப் பிள்ளைகளைவிட மேலே இருந்தார்கள். காதால் கேட்டது கண்ணுக்கு உதவியது. இதைவிட நமக்கு நெருக்கமானது அதே குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு. அரபு மொழியிலும் வீட்டு வழக்கு வேறு, நூல் வழக்கு வேறு. பிளவு தமிழைவிட ஆழமானது. மழலையர் வகுப்பில் நூல் வழக்கு அரபியில் கதை வாசிப்பது குழந்தைகளுக்குப் புரியாது என்று ஆசிரியர்கள் கதையைப் பேச்சு வழக்குக்கு மாற்றிச் சொல்வதே அங்கே பழக்கமாக இருந்தது. ஆய்வாளர்கள் நூல் வழக்கிலேயே, அந்தந்தச் சொல்லோடு, சில மாதங்கள் வாசிக்கச் செய்தார்கள். குழந்தைகள் மிரளவில்லை. கேட்டுப் புரிந்துகொள்வதில் முந்தினார்கள். படத்தைப் பார்த்துத் தாமே கதை சொன்னபோது அவர்கள் மொழி செழித்திருந்தது. அரபு வேறு, தமிழ் வேறு என்பதை மறுக்கவில்லை. பிளவு ஆழமான மொழியிலேயே இது நடக்கும் என்றால், அதைவிடக் குறைந்த பிளவுள்ள நம் மொழியில் நடக்காது என்று சொல்வதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும்.

வெளிநாட்டு ஆய்வைக் காட்டித் தமிழருக்கு அந்நியமான ஒன்றைத் திணிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். நூலை வாய்விட்டு வாசிப்பதும் கூடியிருந்து கேட்பதும் நம்முடைய பழைய வழி. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வி நிற்கிறது. கற்காதவருக்கும் கேட்டல் ஒரு கல்வி என்பது அதன் போக்கு. தொண்டை மண்டலத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் நாள் கணக்கில் பாரதம் படித்தார்கள். எழுத்தறியாத உழவரும் அந்த நடைக்குத் தலையசைத்துக் கேட்டார். வீடுகளில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையையும் அல்லி அரசாணி மாலையையும் ஒருவர் வாசிக்க நாலு வீட்டார் கேட்டார்கள். திராவிட இயக்கத்தின் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் செய்தித்தாள் வாய்விட்டு வாசிக்கப்பட்டது. மேடைத் தமிழின் செந்தமிழ் அடுக்குகளை ரசிக்கும் காது தமிழ்நாட்டின் எளிய மக்களுக்கு அமைந்ததில் அந்த வாசிப்புக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறேன். தமிழில் வாய்விட்டு வாசித்தல் எப்படி மௌன வாசிப்பாக மாறியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பெரியவர்களுக்கு அந்த மாற்றம் வளர்ச்சி. தனிமையில் தனக்கென்று படிக்கும் சுதந்திரத்தை அது தந்தது. ஆனால் அந்த மாற்றத்தில் குழந்தைகளுக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை. வீட்டில் யாரோ யாருக்கோ வாசித்ததைத் தற்செயலாகக் கேட்டு வளரும் வாய்ப்பு போய்விட்டது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், குழந்தையைப் பெஞ்சிலிருந்து தரைக்கு இறக்கி, அதன் கை எட்டும் உயரத்தில் கரும்பலகையை வைத்தது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைக் கொண்டு பிரித்தது. பள்ளிக் கல்வித் துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்று சிறுவர் இதழ்களை வெளியிட்டது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை அச்சிட்டது. அந்தப் பெயர்களைச் சூட்டியவர் குழந்தையை அறிந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. இவை அத்தனையும் புத்தகத்தைக் குழந்தையின் கைக்குக் கொண்டுவந்தன. கையிலிருந்து காது வரைக்குமான தொலைவுதான் மிச்சம். கதை சொல்லும் ஆசிரியர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பலர் மிகச் சிறப்பாகச் சொல்கிறார்கள். ஆனால் கதை சொல்வது வேறு, வாசிப்பது வேறு. சொல்லும்போது ஆசிரியர் பேச்சுத் தமிழில் சொல்கிறார். கதை குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது, எழுத்துத் தமிழ் போய்ச் சேர்வதில்லை. புத்தகத்தைப் பிரித்து அதிலுள்ளபடி வாசிக்கும்போதுதான் 'சென்றான்' என்பது குரலோடும் பொருளோடும் குழந்தைக்குள் இறங்குகிறது.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். நேரம் இல்லை என்பது முதல் மறுப்பு. பாடத்திட்டம், பதிவேடு, செயலி, பயிற்சி, தேர்தல் பணி என்று ஆசிரியரின் நாள் ஏற்கெனவே கிழிந்து கிடக்கிறது என்பது உண்மை. நான் கேட்பது நாளுக்கு 15 நிமிடம். ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்று வைத்தாலும் 50 மணி நேரம். ஐந்து ஆண்டில் 250 மணி நேரம். எந்தப் பயிற்சி ஏடும் இதற்கு ஈடாகாது. இன்னும் ஒன்று: பரங்கிமலை ஒன்றியத்தில் மட்டுமா, மாநிலமெங்கும் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, எல்லாருக்கும் பயன்படும்படி நடத்தக்கூடிய பாடம் வேறு எது? கணக்கை அப்படி நடத்த முடியாது. கதையை முடியும். ஏழு வயதுப் பிள்ளை அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், பத்து வயதுப் பிள்ளை வேறொன்றை. 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் காலை உணவுத் திட்டம் வந்திருக்கிறது. பிள்ளைகள் வயிறு நிறைந்து, முதல் மணிக்காகப் பள்ளியில் காத்திருக்கும் நேரம் ஒன்று இன்று உண்டு. பத்தாண்டுக்கு முன் இல்லாத நேரம் அது.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு முதலில் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள், கதை பிறகு ஆகட்டும் என்பது இரண்டாவது மறுப்பு. இதைச் சொல்கிறவர்கள் பொறுப்புள்ள ஆசிரியர்கள். ஆகவே பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். எழுத்தை முறையாக, வரிசையாக, ஒலியோடு கற்பித்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை எழுத்து-ஒலி உறவை முறைப்படி கற்பிப்பதன் பயனை உறுதி செய்தது. பிள்ளைகளை வெறுமனே புத்தகத்தோடு அமைதியாக உட்காரவைத்தால் வாசிப்புத் திறன் கூடும் என்பதற்குப் போதிய சான்று தென்படவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. நூலக மணி என்ற பெயரில் புத்தகத்தைப் பரப்பிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதை நானும் ஆதரிக்கவில்லை. என் வாதம், எழுத்துப் பாடத்தைக் குறைக்காமல் அதனருகில் கேட்கும் பாடத்தையும் வைக்க வேண்டும் என்பதுதான். முதலில் இது, பிறகு அது என்று வரிசைப்படுத்தினால் அந்தப் 'பிறகு' வருவதற்குள் குழந்தைக்கு ஒன்பது வயதாகிவிடும். படிப்பு என்றால் திக்கித் திணறி நாலு பேர் முன்னிலையில் வெட்கப்படுவது என்று அதற்குள் அது முடிவு கட்டியிருக்கும். அந்த முடிவை மாற்றுவது, எழுத்தைக் கற்பிப்பதைவிடப் பலமடங்கு கடினம். கேட்டுப் பழகினால் சோம்பேறியாகிவிடும், தானாகப் படிக்காது என்று அஞ்சுகிறவர்களுக்கும் இதே பதில்தான். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன், படித்துப் புரிந்துகொள்ளும் திறனைவிடப் பல ஆண்டுகள் முன்னால் ஓடுகிறது. ஏறத்தாழ எட்டாம் வகுப்பு வாக்கில்தான் இரண்டும் ஒன்றையொன்று எட்டுகின்றன என்று தாமஸ் ஸ்டிக்ட் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அறிவுக்கு ஏற்ற கதை, அதன் வாசிப்புத் திறனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கலாம். இந்த இடைவெளியில் நிற்கும் பிள்ளையின் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தருகிறோம். அது தன் வயதுக்குக் கீழான கதையைப் பார்த்து அலுத்துப்போகிறது.

மூன்றாவது மறுப்பு இந்தப் புறநகருக்கே உரியது. வேளச்சேரியிலிருந்து பெருங்களத்தூர் வரை, எந்த நடுத்தரக் குடும்பத்தைக் கேட்டாலும் ஆங்கில வழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கிறது. அவர்களுக்கு எதற்குத் தமிழ் வாசிப்பு என்று கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்பித்தல் சட்டத்தின்படி மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் தமிழ் படித்தே ஆக வேண்டும் என்பது சட்டத்தின் பதில். நான் குழந்தையின் பக்கமிருந்து பதில் சொல்ல விரும்புகிறேன். கதையின் போக்கை ஊகிப்பது, பாத்திரத்தின் மனத்தை அறிவது, சொல்லாமல் விட்டதை உணர்வது ஆகிய திறன்கள் எந்த மொழியில் வளர்ந்தாலும் மற்ற மொழிக்குப் போய்ச் சேர்கின்றன. கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் வலியுறுத்தி வந்த கருத்து இது. ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவோ தாத்தாவோ ஆங்கிலக் கதையை வாசித்துக் காட்டத் தயங்குவார்கள். தமிழ்க் கதையை உயிரோட்டத்தோடு வாசிப்பார்கள். ஆங்கில வழிப் பிள்ளை ஆங்கிலத்தையும் பொருள் தெரியாமல் உரக்க ஒலிப்பது நம் புறநகரின் பெரிய சோகங்களில் ஒன்று. அந்தப் பிள்ளைக்கு ஏதேனும் ஒரு மொழியில் வாசிப்பு என்றால் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். வட மாநிலங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் தமிழே புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தைக் காட்டி, குரலை ஏற்றி இறக்கி, அதே கதையை மூன்றாம் முறையும் வாசிக்கும் ஆசிரியரைவிட நல்ல தமிழ்ப் பாடம் அவர்களுக்கு இல்லை.

பேச்சுத் தமிழிலேயே சிறுவர் நூல்களை எழுதிவிட்டால் பிளவே இருக்காதே என்றும் சிலர் சொல்கிறார்கள். உரையாடல்களைப் பேச்சு வழக்கில் எழுதுவதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் யாருடைய பேச்சு? தாம்பரம் மாநகராட்சி 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவானது. அதன் தெருக்களில் நெல்லைக்காரரும் தஞ்சைக்காரரும் விழுப்புரத்துக்காரரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் சென்னைத் தமிழ் பேசுகின்றன. இவர்கள் எல்லார்க்கும் பொதுச் சொத்தாக இருப்பது எழுத்துத் தமிழ். அதை வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் விட்டுக்கொடுப்பது நியாயமாகாது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே வீட்டிலேயே தமிழ் ஒலிப்பது குறைந்து வந்தது. அதனால் அது அங்கே சரியான மருந்து. இங்கே வீட்டில் பேச்சுத் தமிழ் வற்றாமல் ஓடுகிறது. குறைவாக இருப்பது மற்றது.

கைபேசியில் கதை கேட்கலாமே என்போருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை புருவத்தைச் சுருக்கினால் கைபேசி நிற்பதில்லை. ஒரு சொல் புரியவில்லை என்று கண்டதும் நிறுத்தி, வீட்டுச் சொல்லால் ஒரு வரி விளக்கிவிட்டு மீண்டும் நூல் வரிக்குத் திரும்ப மனிதர் வேண்டும்.

வாசிப்பது எப்படி என்பதைப் பற்றி இரண்டு மூன்று செய்திகள். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். கதையின் நீதி என்ன, நாயகன் பெயர் என்ன என்று தொடங்கினால், பதினைந்து நிமிட மகிழ்ச்சி பதினாறாவது நிமிடத்தில் தேர்வாகிவிடும். பிள்ளை தானாகக் கேட்டால் பேசுங்கள். ஹைஃபாவில் தொடர்கதையைத் தேர்ந்தது காரணத்தோடுதான். ஒரே பாத்திரம் திரும்பத் திரும்ப வரும்போது, புதிய கதையின் பாதி முன்பே தெரிந்ததாக இருக்கிறது, நாளைக்கு என்ன ஆகும் என்ற ஏக்கமும் கூடவே வருகிறது. அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் எழுதிக் குவித்த மரபு நமக்கு உண்டு. இன்றைக்கும் தமிழில் சிறுவர் கதைகள் வளமாக எழுதப்படுகின்றன. ஆண்டுதோறும் பால சாகித்திய விருதும் தரப்படுகிறது. அவை வகுப்பறைக்குள் குரலாக நுழைய வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிப்பதும் சிறந்த வழி. எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் படிக்கும் நம் திண்ணைப் பள்ளியைப் பார்த்து, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து 1797இல் நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்று அது ஐரோப்பாவெங்கும் பரவியது. நாம் கொடுத்ததை நாமே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். திக்கித் திக்கிப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை, ஆறு வயதுப் பிள்ளைக்கு எளிய புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டும்போது, வெட்கமில்லாமல் எளிய புத்தகத்தைப் படிக்க அதற்கு ஒரு மரியாதையான காரணம் கிடைக்கிறது.

ஆள் எங்கே, பணம் எங்கே என்பது கடைசிக் கேள்வி. ஆள் இருக்கிறார்கள் என்பதை 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி காட்டிவிட்டது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் நடத்திய ஆய்வில், பெருந்தொற்றில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் தெரிந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியரல்லாத அந்தப் பெண்களின் குரலுக்கு அவ்வளவு வலிமை இருந்தது. பணத்தைப் பொறுத்தவரை, 1948இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டத்தை இயற்றிய மாநிலம் நம்முடையது. நீங்கள் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் செலுத்துகிறீர்கள். அந்த வரிக்கான புத்தகங்கள் உங்கள் கிளை நூலக அலமாரியில் இருக்கின்றன. அங்கிருந்து தொடக்கப் பள்ளி பெரும்பாலும் நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது.

இந்த அவையில் ஓய்வு பெற்றவர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள், அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரும் இருக்கிறீர்கள். பரிசுக் கோப்பைகளுக்கும் பேச்சுப் போட்டிகளுக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, வாசித்துக் காட்டத் தக்க புத்தகங்களை வாங்கிப் பள்ளிகளுக்குத் தர ஒதுக்குங்கள். நேரம் உள்ளவர்கள் உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரைப் பார்த்து, வாரத்தில் எந்த நாள், எந்த வகுப்புக்கு வந்து வாசிக்கலாம் என்று கேளுங்கள். அவர் நாளைச் சொன்னால், கையில் ஒரு கதைப் புத்தகத்தோடு போங்கள்.